தன்பாலீர்ப்புடையோரும் சைவநெறியும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி யென்பது சைவசித்தாந்தத் துணிபு. அவற்றுட் பசுவாகிய உயிர் ஆணவமலத்தால் மறைப்புண்டு, வினைக்கீடாக மாயையினின்றும் தோன்றிய தநு கரண புவன போகங்களைப் பொருந்திப் பிறந்தும் இறந்தும் உழன்று, மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்திய காலத்தே திருவருளால் வீடுபேறு அடைவது. இவ்வுண்மையை உணர்ந்தார்க்கு, ஆண்மை பெண்மை யென்னும் வேறுபாடு எப்பொருளைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு விடை காண்டல் அரிதன்று. அது தநுவைச் சார்ந்தது, உயிரைச் சார்ந்ததன்று. மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்திலேயே, ஆண் பெண் அஃறிணை யென்று சுட்டப்படும் பாகுபாட்டினைத் தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கே உரியதாக வைத்தருளினார். மூன்றாஞ் சூத்திரத்தில், மாயையாலாகிய பொறியாகிய இவ்வுடம்பினுள் அதனின் வேறாய் உயிரொன்று உண்டென நாட்டியருளினார். இறைவனை ஆணென்றும் பெண்ணென்றும் அலியென்றும் பாடிய அருளாளரே அவன் அம்மூன்றும் அல்லன் என்றும் பாடினர். சுட்டுக்கு அடங்காத அப்பொருளை அடைதற்குரிய உயிரும் தன்னியல்பில் அச்சுட்டுக்களுள் ஒன்றற்கும் உரியதன்று.

இக்கொள்கையை நாவினாற் கூறாத சைவர் இலர். ஆயினும், தம் மனையிற் பிறந்த மகன், தன் உள்ளம் மகளிரை நாடாது ஆடவனொருவனையே நாடுகின்றது என்று கூறும் பொழுதும், மகள், தன் அன்பு மற்றொரு பெண்ணினிடத்தே நிலைத்தது என்று கூறும் பொழுதும், இக்கொள்கை நினைவில் நிற்பதில்லை. அவ்வீட்டில் அழுகையும் அடியும் பூட்டிய கதவுமே நிற்கின்றன. இத்தகையோரை இக்காலத்தார் தன்பாலீர்ப்புடையோர் என வழங்குவர். இவர்கள் வரலாற்றினையும், அவ்வரலாறு சைவநெறியினர்க்கு உணர்த்துவது யாதென்பதனையும் ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

தமிழ்வேதமாகிய திருமுறையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கும் ஊரொன்று மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தே உளது. போடிநாயக்கனூர்க்கு அணித்தாகிய தேவாரம் என்பதே அவ்வூர். அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகள்; கீழே சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருக்கோயிலும், உத்தமபாளையத்துக் காளாத்தீசுவரர் திருக்கோயிலும். இப்பகுதி 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்த தேனி மாவட்டத்தைச் சார்ந்தது. ஏலத்தோட்டங்களிற் கூலி செய்தும், அடிவாரத்து நிலங்களில் உழுதும் வாழும் குடும்பங்களின் மக்கள் மேற்கல்விக்கு மதுரையை நாடுவர். வழக்கென்று வந்தாலும், 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளையே இப்பகுதிக்கு உரிய மன்றம். ஈண்டுக் கூறப்படும் வரலாற்றின் சிறந்த பகுதிகள் அம்மதுரையினின்றே எழுந்தன. ஆகலின் இது எங்கோ கடல்கடந்த நாட்டுச் செய்தி யென்று இம்மலையடி ஊர்களில் உள்ளார் ஒதுக்குதற்கு இடமில்லை.

முதற்கண் பழந்தமிழ் வழக்கினை நோக்குக. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்க்கும் பாலுணர்த்தும் ஈறு தமக்கெனத் தனியே இல்லை யென்றும், அவை உயர்திணைக்குரிய பாலீறுகளையே கொண்டு நடக்கும் என்றும் விதித்தார். அன்னாரை அஃறிணையில் தள்ளாது உயர்திணையில் வைத்ததும், தெய்வப்பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்தோதியதும் கருதற்பாலன. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று. அக்காப்பியத் தலைவியாகிய கண்ணகி விண்ணேறிய இடமென மக்கள் போற்றும் மங்கலதேவி கோட்டமும் இத்தேனிப் பகுதியை யடுத்த மலையுச்சியிலேயே உளது. பேடியர் வேறு, தன்பாலீர்ப்புடையோர் வேறு. முன்னையது ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ உணரும் உணர்வைப் பற்றியது. பின்னையது ஒருவர் அன்பு யாரிடத்துச் செல்லும் என்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் பிழை. ஆயினும், ஆண் பெண் என்னும் இருபெரும் பிரிவுக்குள் அடங்காதாரைப் பழந்தமிழ்ச் சான்றோர் கண்டும் காணாதார்போல் ஒதுக்கினாரல்லர் என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, வடமொழி மிருதிகளில் இச்செயல் கடியப்பட்டதன்றோ எனின், கடியப்பட்டது உண்மையே. மனுமிருதி, ஆடவனோடு கூடிய இருபிறப்பாளன் உடுத்த ஆடையோடு நீராடுக என்று பதினோராம் அத்தியாயத்திற் கழுவாய் கூறும். கன்னியொருத்தியைத் தீண்டிய கன்னிக்கு இருநூறு பணமும், இருமடங்கு பரிசப்பொருளும், பத்துக் கசையடியும் எட்டாம் அத்தியாயத்தில் விதிக்கும். இவை மிருதி நூல்களின் விதிகள். அந்நூலே வருணத்துக்கொரு தண்டம் கூறும் பகுதிகளையும் உடையது என்பதனையும், அவற்றை இன்று சைவருள் எவரும் கைக்கொள்ளுவதில்லை யென்பதனையும் மறத்தலாகாது. சைவசித்தாந்திகட்குப் பிரமாணமாவன வேதமும் சிவாகமங்களும் திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரம் பதினான்குமே.

ஆயின், இந்நாட்டில் இவர்களைச் சிறைக்கு உரியராக்கிய சட்டம் மிருதிகளினின்றும் வந்ததன்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தே 1533-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று இத்தகைய செயலுக்கு மரணதண்டம் விதித்தது. அக்கருத்தின் வழிவந்த 377-ஆம் பிரிவு, மெக்காலே முதலானோர் வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1860-ஆம் ஆண்டில் இடம்பெற்று, 1862-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆயுட்காலச் சிறையும் விதிக்கலாம். மனு நீராட்டு ஒன்றைக் கழுவாயாகக் கூறிய செயலுக்கு மெக்காலே வாழ்நாள் முழுதும் சிறை கூறினார். இங்கிலாந்து 1967-ஆம் ஆண்டிலேயே தன் சட்டத்தைத் தளர்த்திக் கொண்டது. இந்தியாவோ பிறர் விட்டெறிந்த அவ்விலங்கினை மேலும் ஐம்பதாண்டு தன் மக்கள் காலிற் பூட்டி வைத்திருந்தது.

இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தும் சமயச் சான்றோர் சிலர் இதனைத் தம் நூற்கண்ணாற் கண்டு நடுநிலை பிறழாது பேசினர். கணித மேதையாகிய சகுந்தலா தேவி 1977-ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றி நூலொன்று வெளியிட்டார். அதன்பொருட்டுத் திருவரங்கத்துப் பெருங்கோயிலைச் சார்ந்த வைணவப் பெரியார் சீநிவாச ராகவாச்சாரியாரை அவர் வினவினார். முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் அன்பு செய்த உயிர்களே இப்பிறவியில் ஒரே பாலினராய்ப் பிறந்தும் ஒன்றையொன்று நாடுகின்றன. உடம்பின் பால் மாறினும் உயிர் மாறுவதில்லை. அன்பின் வலிமையே அவற்றை ஈர்க்கின்றது என்னும் கருத்துப்பட அப்பெரியார் விடையிறுத்தார். திருவரங்கத்தோடு ஒரே தீவகத்தில் விளங்கும் திருவானைக்காவின் தலவரலாற்றை அறிந்த சைவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. அங்கு வெண்ணாவல் நீழற் பெருமானுக்குப் பந்தரிட்ட சிலந்தி, கோச்செங்கட் சோழ நாயனாராய்ப் பிறந்து திருக்கோயில்கள் பல எடுத்ததன்றோ? உடம்பு சிலந்தியினின்றும் மன்னனாக மாறியும் உயிரிற் பதிந்த அன்பு மாறவில்லை. பின்னர் 2002-ஆம் ஆண்டில், பெண்ணிருவர் தமக்குத் திருமணம் செய்விக்குமாறு சைவக் குருக்கள் ஒருவரை வேண்டினர். தம் மரபினர் பிறர் இதற்கு உடன்படார் என்பதனை அவர் அறிந்திருந்தும், நூல்களை ஆராய்ந்து, திருமணம் உயிர்களின் கூட்டம், உயிரோ ஆணுமன்று பெண்ணுமன்று என்று துணிந்து அதனைச் செய்வித்தார். இச்செய்தியினை ரூத் வனிதா என்னும் ஆராய்ச்சியாளர் எழுத்திற் பதிவு செய்துள்ளார்.

சட்டத்தின் வழக்கு நெடிது நடந்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், வயதுவந்தோர் தனிமையில் உடன்பட்டுச் செய்வது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. மீண்டும் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஐவர் ஒருமனதாக 377-ஆம் பிரிவின் அப்பகுதியை நீக்கினர். அவருள் ஒருவராகிய இந்து மல்கோத்திரா அம்மையார், இம்மக்களிடத்தும் இவர்தம் குடும்பத்தாரிடத்தும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று எழுதினார். திருமணத்தைப் பொறுத்த அளவில், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனைத் தான் வழங்குதற்கில்லை யெனக் கூறி, சட்டமன்றங்களின் பொறுப்பில் விட்டது.

தமிழ்நாட்டில் இதனோடு நெருங்கிய மற்றொரு வழக்கும் அறியத்தக்கது. தூத்துக்குடிச் சங்கர இராமேசுவரர் திருக்கோயிலில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஆடவர் ஒருவர்க்கும் திருநங்கை ஒருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. பதிவாளர் அதனைப் பதிய மறுத்தார். மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள், மணமகள் என்னுஞ் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று பொருள்கொண்டு பதிவு செய்ய ஆணையிட்டார். சொல்லின் பொருளை விரித்தமையால் ஒரு குடும்பம் வாழ்ந்தது. தொல்காப்பியர் வழிவந்த மக்கள் இதன் அருமையை உணர்வர்.

இனிக் கூறப்போவது இவ்வரலாற்றின் உயிர்நிலையாகிய பகுதி. மதுரையைச் சார்ந்த இளமகளிர் இருவர் ஒருவரையொருவர் விரும்பினர். பெற்றோர் எதிர்ப்பிற்கு அஞ்சிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காணவில்லை யெனக் காவல்நிலையத்தில் முறையிட்டனர். காவலர் தொடர்ந்து வர, அம்மகளிர் 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்து காப்பு வேண்டினர். வழக்கினைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிந்த அறிவில்லை யென்பதனையும், பெரும்பான்மையோர்க்குள்ள முற்கோட்டம் தமக்கும் உண்டென்பதனையும் உணர்ந்தார். அறியாது தீர்ப்புக் கூறுதல் தகாதென எண்ணி, மகளிரையும் பெற்றோரையும் உளநூல் வல்லார் ஒருவரிடத்து அனுப்பியதோடமையாது, தாமும் அவரிடத்து மாணாக்கராய் அமர்ந்து பாடங்கேட்டார். இப்பொருளில் வாழ்ந்தறிந்தார் பிறரோடும், திருநங்கையாகிய மருத்துவர் ஒருவரோடும் உரையாடினார். 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வழங்கிய ஆணையில், தம்மை இருளினின்றும் வெளிப்படுத்திய குருமாராக அவர்களைப் போற்றி எழுதினார். அறியாமை, பிறரை வேறுபடுத்தி ஒடுக்குதற்கு நியாயமாகாது என்றும் கூறினார்.

உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தம். உயர்ந்த பீடத்தில் அமர்ந்த ஒருவர், தாம் அறியாததனை அறியேன் எனச் சொல்லி, உலகம் இழித்துப் பேசும் ஒருவரைக் குருவாகக் கொண்டமை, அச்சித்தாந்தம் நீதிமன்றத்தில் நிகழ்ந்து காட்டிய நிகழ்ச்சியாகும். ஆணவத்தின் செயல் அறிவை மறைத்தல் மட்டுமன்று. மறைந்துள்ளது என்பதனையும் அறியவொட்டாது மறைத்தல். அம்மறைப்பு ஒருவர்பால் ஒரு பொருளளவில் நீங்கியமையால் ஆயிரக்கணக்கானோர்க்கு நிழல் கிடைத்தது.

அவ்வாணையின் பயனாய் விளைந்தன பல. வயதுவந்த இருவர் தம் விருப்பத்தாற் சேர்ந்துள்ளார் எனக் கண்டால், காணவில்லை யென்னும் முறையீட்டை முடித்துவிட வேண்டும் எனக் காவலர் பணிக்கப்பட்டனர். தமிழ்நாட்டுக் காவலர் ஒழுக்க விதிகளில் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இம்மக்களைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி சேர்க்கப்பெற்றது. தன்பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யும் சிகிச்சை தொழில்நெறிக்கு மாறான குற்றமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. அதே ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு, இம்மக்களைக் குறித்தற்கு இழிவில்லாத தமிழ்ச்சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பழந்தமிழ்ச் சான்றோர் உயர்திணையில் வைத்தாரை இழிசொல்லால் அழைக்கும் வழக்கு இனியேனும் ஒழிதல் வேண்டும்.

சிகிச்சை யென்றதனால் இது நோயோ எனின், நோயன்று. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1973-ஆம் ஆண்டிலும், உலக நலவாழ்வு நிறுவனம் 1990-ஆம் ஆண்டிலும் இதனை நோய்ப்பட்டியலினின்றும் நீக்கின. இந்திய மனநோய் மருத்துவர் சங்கமும் 2018-ஆம் ஆண்டில் இது நோயன்று எனத் தெளிவித்தது. நோயல்லாததற்கு மருந்து கொடுத்தல் நஞ்சு கொடுத்தலாய் முடியும். ஏலமலைக்கு அப்பாலுள்ள கேரள நாட்டு மாணவி ஒருத்தி, தன்னை மாற்றும்பொருட்டு அடைத்துவைத்து மருந்தூட்டினர் என்று கூறிய பின்னர் 2020-ஆம் ஆண்டில் உயிர் நீத்தாள். பெற்றவர் கருதியது நன்மையே யாயினும், விளைந்தது ஆற்றொணாத் துயரம்.

இதனினும் சமயத்தார் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னை உயர்நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் தீர்த்த வழக்கில், இருபத்தைந்து வயதுடைய பெண்ணொருத்தி, தன் தோழியினின்றும் தன்னைப் பிரித்து வீட்டிற்குக் கொண்டுசென்று அடித்தனர் என்றும், இயல்பு நிலைக்குத் திருப்புதற்கெனச் சில சடங்குகளைச் செய்யுமாறு வற்புறுத்தினர் என்றும் நீதிபதிகளிடத்துக் கூறினாள். நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகிய இருவரும் அவளை அவள் விருப்பப்படி செல்லவிட்டு, திருமணம் ஒன்றே குடும்பம் அமைத்தற்கு வழியன்று, தாம் தேர்ந்துகொண்ட உறவாலும் குடும்பம் அமையும் என்று எழுதினர். அத்தாயின் மனநிலையை உணர்ந்து இரங்கிய அவர்கள், தம் மகனது இயல்பை ஏற்று அவன்பொருட்டுப் பேசிய நீதிபதி லீலா சேத் போன்ற தாயர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதனையும் குறித்தனர். சடங்கு உயிரைத் தூய்மை செய்தற்கு ஏற்பட்டது, உயிரை ஒடுக்குதற்கன்று. திருநீறும் மந்திரமும் அச்சுறுத்தும் கருவியாகப் பயன்பட்டால், அதனாற் கெடுவது அப்பெண்ணின் பெருமையன்று, சமயத்தின் பெருமையே.

இனி, இப்பொருளில் எழும் தடைகளையும் அவற்றிற்குரிய விடைகளையும் நோக்குதல் வேண்டும்.

இது மேனாட்டாரிடத்தினின்றும் வந்த புதுப்பழக்கம் என்பாருளர். மேனாட்டினின்றும் வந்தது சிறைத்தண்டமே. மனுவும் கௌடிலியரும் இதற்கு விதி கூறினர் எனின், இது அவர் காலத்தே இந்நாட்டில் இருந்தது என்பது தானே பெறப்படும். இல்லாத ஒன்றற்கு எவரும் கழுவாய் வகுத்தல் இல்லை.

இது முன்வினைப்பயன், ஆகலின் இழிவு என்பாருளர். ஆண்பிறப்பும் பெண்பிறப்பும், அறிவும் செல்வமும், நோயும் நலமும் ஆகிய எல்லாமே வினைப்பயன். அங்ஙனமாக, ஒருவர் இயல்பை மட்டும் பிரித்து வினைப்பயன் எனச் சுட்டி இழித்தல் எவ்வாறு பொருந்தும்? பிறர் நுகரும் பிராரத்துவத்தை எண்ணி நகைப்பவர் தமக்கு ஆகாமியத்தை ஈட்டிக் கொள்கின்றார். அடித்த கையும் பழித்த நாவும் அடுத்த பிறவிக்கு வித்திடுவன என்பதனை வினைக்கொள்கை உடையார் மறத்தல் தகாது.

இது காமம், காமமோ கடியற்பாலது என்பாருளர். காமம் எல்லா உயிர்க்கும் பொது. அது ஒருபாலார் மாட்டுச் செல்லின் அன்பு, மற்றொருபாலார் மாட்டுச் செல்லின் மலம் எனக் கூறும் சாத்திரம் யாண்டும் இல்லை. இல்லறத்தார்க்கு வேண்டப்படுவன வாய்மையும், வஞ்சியாமையும், ஒருவர்க்கொருவர் துணையாதலும், பிறர்மனை நயவாமையுமே. அவ்வொழுக்கத்தை இவர்களிடத்தும் எதிர்பார்க்கலாம்; அதனினும் மிகுதியாக எதிர்பார்த்தல் நடுவுநிலைமையன்று.

திருமணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகும் என்பாரும் உளர். இது மிகக் கொடிய தவறு. விருப்பமில்லாத ஒருவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைப்பின், பொய்யான வாழ்வு அவனுக்கு மட்டுமன்றி, யாதொரு குற்றமும் செய்யாத அவளுக்கும் வாய்க்கின்றது. ஓருயிரின் துன்பத்தை மறைத்தற்கு ஈருயிரைத் துன்புறுத்தல் அறமோ? மேலும், சைவ அடியார்க்கு மணவாழ்வு ஒன்றே வழியென்று திருத்தொண்டர் வரலாறு கூறவில்லை. திலகவதியார் மணமின்றியே திருத்தொண்டிலும் தம்பியாரை ஆட்கொள்ளும் அருளிலும் சிறந்தார். காரைக்காலம்மையார், கணவன் தம்மைத் தெய்வமென அஞ்சி நீங்கியபின், அவன்பொருட்டுத் தாங்கிய உடற்பொலிவைக் களைந்து பேயுரு வேண்டிப் பெற்றார். அவ்வுருவினரையே இறைவன் அம்மையெனத் திருவாய்மலர்ந்தருளினான். உலகம் பெண்ணுக்குரியதென்று மதித்த வடிவைத் துறந்தவரைத் தாயென்று அழைத்த கடவுளின் அடியார், வடிவத்தையும் வழக்கத்தையும் பற்றி ஒருவரை வெறுத்தல் பொருந்துமோ?

இனி, தன்பாலீர்ப்புடையோர் ஆன்மலாபம் பெறுதற்கு உரிய நெறி யாது? அது பிறர்க்குரிய நெறியே, வேறொன்று இல்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களில் ஒன்றற்கேனும் உள்ளத்தின் ஈர்ப்பு எத்தன்மைத்து என்பது தகுதியாகவோ தகுதியின்மையாகவோ கூறப்படவில்லை. வேண்டப்படுவன இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமுமே. ஆயினும் இவர்களுக்கு ஒரு தனிப்பட்ட இடர் உண்டு. இளமை தொட்டே, நீ இழிந்தவன், நீ கெட்டவள் என்னும் சொற்களையே கேட்டு வளர்ந்தமையால், தம்மைத் தாமே அவ்வாறு கருதி, இறைவன் முன் நிற்றற்கும் கூசுவர். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் காட்டும் உவமை ஈண்டு நினையத்தக்கது. வேடரிடையே வளர்ந்த அரசிளங்குமரன் தன்னை வேடனென்றே எண்ணியிருந்தாற்போல, ஐம்புலன்களிடையே வளர்ந்த உயிர் தன் உண்மையை அறியாது மயங்கும். குரு வந்து, நீ இன்னாய் என உணர்த்தியபின் அவ்வயன்மை நீங்கும். அவ்வுவமை எல்லா உயிர்க்கும் உரியது. தம்மை இழிவென்றே கேட்டு வளர்ந்தார்க்கோ இருமடங்கு ஆறுதலாவது. உலகோர் இட்ட பெயர் தம் பெயரன்று, தாம் சிவனுக்கு உரியர் என்று உணர்தலே அவர்கள் ஏறவேண்டிய முதற்படி. பொய்யை விடுதல் அடுத்த படி. தம்மை மறைத்து நாடோறும் நடிப்பவர்க்கு மனம் ஒருமைப்படாது. மனம் ஒருமைப்படாதவர்க்குத் திருவைந்தெழுத்தும் நாவளவில் நிற்கும். ஆகலின், அச்சமின்றி உண்மை பேசுதற்கு இடமுள்ள வீடும் அடியார் கூட்டமும் இவர்களது ஆன்ம வளர்ச்சிக்கு இன்றியமையாதன.

அவ்விடத்தை அமைத்தல் யார் கடமை? சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுமாறு பணிக்கின்றது. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் கொல்லவந்த முத்தநாதனது நீறணிந்த வேடத்தை மதித்து, வாளால் ஊறுபட்ட பின்னும், அவனுக்குத் தீங்கு நேராதவாறு நகரெல்லை கடத்தி விடுவித்தார். பகைவன் பொய்யாகப் பூண்ட வேடத்துக்கே அத்துணை மதிப்பு உண்டெனின், மெய்யன்போடு நீறணிந்து வரும் தம் மகனையும் மகளையும் வாயிலினின்றும் துரத்துவார் எந்நெறியைப் பின்பற்றுகின்றனர்?

மரபு இதனை ஏற்குமோ என்னும் அச்சம் சிலர்க்கு எழக்கூடும். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுகாறும் தடுக்கப்பட்டிருந்த குலத்தினர் உட்புகுந்து வழிபட்டனர். அன்று மரபு அழிந்ததென்று கலங்கினார் பலர். திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்து வணங்கிய மரபு அன்று அழியவில்லை. அதன் உண்மை பலர்க்கு விளங்கியது அன்றே. வாசலைத் திறந்ததனால் சைவம் சிறுமையுற்றதாக வரலாற்றில் யாண்டும் காணப்படவில்லை.

ஆகலின், ஏலமலைச் சரிவிலுள்ள சிற்றூராயினும், மாடவீதி சூழ்ந்த பேரூராயினும், சைவ நன்மக்கள் கடைப்பிடிக்க வேண்டுவன சிலவே. தம் மகவு தன் இயல்பைக் கூறுங்கால் முதலிற் கேட்டல். அறியாததனை அறிந்தாரிடத்து வினவுதல். அடியாமை, அடைத்துவையாமை, மனமொவ்வாத மணத்திற்கு வற்புறுத்தாமை, சடங்கினை அச்சுறுத்தும் கருவியாக்காமை. திருக்கோயிலிலும் திருமுறைக் கூட்டத்திலும் பிறரோடொப்ப உடன்வைத்து ஓதுவித்தல். இவற்றுள் ஒன்றேனும் சித்தாந்தத்திற்கு மாறானதன்று. உடம்பிற்கு உரிய வேறுபாட்டை உயிரின்மேல் ஏற்றி ஒருவரை ஒதுக்குதலே சித்தாந்தத்திற்கு மாறானது. ஓருடம்பை விட்டு மற்றோருடம்பிற் புகும் உயிர் ஆண்மையையும் பெண்மையையும் இங்கேயே விட்டுச் செல்லும். பிறர்க்குச் செய்த அன்பையும் வன்கண்மையையும் வினையாக உடன்கொண்டு செல்லும். இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டார் மனையில் எம்மகவும் அஞ்சி வாழாது.

திருச்சிற்றம்பலம்.